பீரோவில் எட்டு

அன்புள்ள ஐயா,

கோவையில் இருக்கிறேன். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவில் ஒஹாயோ போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கிற போர்வை, தைக்கக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வந்தபிறகும் விடவில்லை. போன ஜனவரி முதல் டிசம்பர் வரை 11 முடித்திருக்கிறேன். குழந்தைகளுக்கானது 4, மடியில் போட்டுக்கொள்கிற அளவில் 5, இரட்டைக் கட்டில் அளவில் 2. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். மொத்தம் 75 மீட்டர் துணி, 615 மணி நேரம். துணி பாதி மகள் அனுப்பியது, மீதி ஆன்லைனில் தருவித்தது. மீட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பாதியில் கிடக்கும் நான்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டைப் பேத்திகளுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதாக முடித்ததில் பெரிய பேத்தி மாதுளம்பழத்தைக் கொட்டிவிட்டாள். கறை போகவேயில்லை. பார்க்க மனம் பொறுக்காமல் மாடி ரூமில் போட்டுவிட்டேன். மற்ற எட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. என் கணவர் ‘பவானி ஜமக்காளம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு’ என்கிறார். ஒன்பதாவதில் ஒரு கட்டம் தலைகீழாக விழுந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெண்கள், தெய்வம் மட்டுமே பிழையில்லாதது என்று வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்களாம், ஒஹாயோ அம்மாள் சொல்லி ஆறுதல்படுத்தினார்.

ஒரு வருடத்தில் இத்தனை முடித்தது உருப்படியான காரியம்தானா? இது கலையா, ஓய்வு பெற்றவளின் பொழுதுபோக்கா? குவில்டுக்குத் தமிழில் என்ன பெயர்? விற்பதென்றால் என்ன விலை வைக்கலாம்? இந்த வருடம் 15 என்று இலக்கு வைத்திருக்கிறேன், சரிதானா? உங்களுக்கு ஒன்று அனுப்ப ஆசை. அனுப்பலாமா?

ம.
கோயம்புத்தூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் ஒரு கணக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன். வருடம் முழுக்கப் படித்த புத்தகங்களை டிசம்பர் கடைசியில் பட்டியல் போடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்த முறை 83. நோட்டை மூடப் போகும்போது 41-ஆவது பெயரில் கண் நின்றது. என் கையெழுத்துதான். முடித்த தேதிகூடப் போட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அலமாரியில் தேடி எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில் ஆச்சரியக்குறி வேறு. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் உங்கள் 11 வந்துசேர்ந்தது. ஆகவே கீழே வரும் வசவில் பாதி எனக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம்.

கலையா பொழுதுபோக்கா? தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? கலை என்று நான் சொல்லிவிட்டால் தையல் நேராகிவிடுமா, பொழுதுபோக்கு என்றால் மிஷினை விற்றுவிடுவீர்களா? விடுங்கள்.

வேண்டுமென்றே பிழை விடுகிற கதை அழகான கதை. ஆனால் அமெரிக்கக் குவில்ட் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. பிழை விடுவதற்கு யாராவது தனியாக மெனக்கெடுவார்களா? அது பாட்டுக்கு வரும்.

விலை. இதற்கு ஒரு கதை சொல்கிறேன், இது நடந்த கதை. ஹாரியட் பவர்ஸ் என்று ஒரு பெண், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் காட்சிகளைத் துணியில் கத்தரித்து வைத்து ஒரு குவில்ட் தைத்தார். ஏவாள், பாம்பு, யாக்கோபின் ஏணி எல்லாம் அதில் உண்டு. 1886-ல் அங்கே ஒரு பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தருவதில்லை என்றுவிட்டார் பவர்ஸ். சில வருடம் கழித்துக் கையில் காசு இல்லாமல் போயிற்று. அவரே தேடிக்கொண்டு வந்து 10 டாலர் கேட்டார். ஆசிரியை கொடுத்தது 5. கணவர் சொன்னதன்பேரில் அதற்கே கொடுத்துவிட்டார். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொன்னார், ஆசிரியை எழுதிக்கொண்டார். அப்புறம் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து தன் குவில்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போவதுபோல. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலை எவ்வளவு என்று என்னைக் கேட்கிறீர்கள். விற்ற பிறகு போய்ப் பார்க்கத் தோன்றாத குவில்ட் ஏதாவது உங்களிடம் இருந்தால், வருகிற விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

பெயர். குவில்ட் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. சோபாவையும் பீரோவையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? ஆனால் கேட்டதற்காகச் சொல்கிறேன், ‘துன்னல்’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. தையல் என்று பொருள். பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பார்க்கப் போகிற பொருநன் உடுத்தியிருப்பது ‘வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்’. அதாவது வேறு வேறு நூல் உள்ளே ஓடி ஓடித் தைத்த கந்தை. அதில் ஈரும் பேனும் அரசாட்சி செய்கின்றன, வேர்வையில் நனைந்திருக்கிறது. அரசன் அதைக் களையச் செய்து, பாம்பு உரித்த தோல்போல மெல்லிய புதுத்துணி கொடுக்கிறான். கவனித்தீர்களா, புதுத்துணிக்கு இழை தெரியாத நுண்மை, பூவேலை, பாம்புச் சட்டை என்று கண்ணால் பார்த்ததோடு சரி, கந்தைக்கு மட்டும் ஈர், பேன், வேர்வை, ஒட்டு நூல் என்று கையில் எடுத்துப் பார்த்தவனின் விவரம். அந்தப் புலவர் உடுத்திப் பழகியது எதை என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. ‘தைச்சது’ என்போம். ‘குளிருது, அந்தத் தைச்சதை எடு.’ அவ்வளவுதான்.

என் பெரியம்மா வாக்கப்பட்டுப் போன ஊர் சத்திரப்பட்டி, ராஜபாளையத்துக்குப் பக்கம். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கூடவே வரும். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். பெரியப்பா தறிக்காரர். இழை விட்டுப்போய்க் கழிபட்ட துணி வீட்டு மூலையில் எப்போதும் குவிந்து கிடக்கும். சல்லடைபோல, வெள்ளையாக, எடையே இல்லாமல். பெரியம்மா அதை வீணாக விடமாட்டார்.

முன்கட்டுத் தரையைத் துடைத்துக் காயவிட்டு ஒரு பழைய நூல் சேலையை நாலாக மடித்து விரிப்பார். ஒரு மூலைக்கு அம்மிக்குழவி, ஒரு மூலைக்கு மரக்கால், ஒரு மூலைக்குக் கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி, நாலாவது மூலைக்கு நான். சுருக்கம் போக இழுத்துவிட்டு, அதன்மேல் பேண்டேஜ் துணி இரண்டு அடுக்கு. அதற்கும் மேல் இன்னொரு சேலை. நைந்த இடத்திலெல்லாம் டெய்லர் கடையிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டு வந்த பிட்டுத் துணி. ஓரத்தில் ஊசியைக் குத்தினால் ஓட்டுத் தையலாகவே சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டிருப்பார். அளவு நாடா கிடையாது, சாக்பீஸ் கோடு கிடையாது. கடைசியில் நடுவில் ஒரு சாண் சதுரம் மிச்சம் இருக்கும், அதில் ஒரு சிவப்புத் துண்டு. ரொம்ப வருடம் கழித்து, கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி என்ற இனத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையைப் பற்றிப் படித்தேன். ஆப்பிரிக்க வம்சாவளியினர், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டு ஊர்களில் இருப்பவர்கள். அவர்களும் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுற்றித்தான் தைக்கிறார்கள். முடித்ததும் நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள். பூ வைக்காத கவந்தி அவர்களுக்கு அம்மணமாகத் தெரியுமாம். பெரியம்மா பூவெல்லாம் வைத்ததில்லை. மூலை பிய்ந்தால் இன்னொரு ஒட்டு, முடிந்தது.

அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, பழைய காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் வந்து பார்த்தால் பத்தும் வெறும் ஊசியாக இருக்கும். ஒரு நாள் விளையாடப் போகிற அவசரத்தில் ஏழுதான் கோத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி தோசை வார்க்கும்போது மூன்றாவதோடு கல்லை இறக்கிவிட்டார். ‘ஏழு ஊசிக்கு இவ்வளவுதான்டா வரும்.’

ஒரு தேர்தல் முடிந்த மறுநாள், தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த துணி பேனரைப் பெரியப்பா அவிழ்த்துக்கொண்டு வந்தார். எந்தக் கட்சி என்று நினைவில்லை. நல்ல காடாத் துணி. இரண்டு தரம் சோடா போட்டு அவித்தும் நீல எழுத்து போகவில்லை. அந்த வருடம் தைத்ததில் அது நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. ‘வாக்களிப்பீர்’ என்பதில் முதல் இரண்டு எழுத்தும் இன்னொரு துண்டுக்கு அடியில் போய்விட, ‘களிப்பீர்’ மட்டும் பளிச்சென்று நின்றது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னதும், ‘நல்லதாத்தானே இருக்கு, இருக்கட்டும்’ என்றார்.

கல்லூரி விடுதிக்குப் போகும்போது அதுதான் என் டிரங்குப் பெட்டியில் வந்தது. ஒரு வாரத்துக்குள் எனக்குக் ‘களிப்பீர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. மெஸ் வரிசையில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினேழு வயசு, மானம் பெரிய விஷயம். கடன் வாங்கி ஒரு கம்பளி வாங்கினேன், தைச்சதை மேஜைமேல் மடித்துப் போட்டு இஸ்திரி தேய்க்க வைத்துக்கொண்டேன். ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் பெட்டியை அதன்மேல் அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். புகை வந்தபிறகுதான் தெரிந்தது. சேலை, பேண்டேஜ், சேலை எல்லாவற்றையும் தாண்டி மேஜைப் பலகை வரை கருகி, முனை கூராக ஒரு பெட்டி அச்சு.

லீவில் ஊருக்குக் கொண்டுபோனபோது அடியில் மடித்து மறைத்துத்தான் வைத்திருந்தேன். பெரியம்மா துவைக்கப் போடப் பிரித்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். ‘பெட்டி நல்லாச் சூடேறியிருக்கு’ என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் கழித்து, கருகியதைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, அதே பெட்டி வடிவத்தில், முனைகூட மழுங்காமல், என் பழைய காக்கி டவுசரில் ஒரு துண்டு கத்தரித்து ஒட்டியிருந்தார். ஊசிக்கு யார் நூல் கோத்தது என்று கேட்டேன். ‘எதுத்த வீட்டுப் பொண்ணு. அது பன்னெண்டு கோக்குது’ என்றார்.

அதன்பிறகு நான் அதைத்தான் போர்த்தினேன், பெயர் எப்படியும் போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. வேலைக்குப் போன ஊர்களுக்கெல்லாம் கூடவே வந்தது. என் மகன் தவழும்போது அதன்மேல்தான் தவழ்ந்தான், மற்ற காரியங்களையும் அதன்மேல்தான் செய்தான். இளைத்து இளைத்துப் பாதியானதும் கிரைண்டருக்கு அடியில் அதிராமல் இருக்கப் போட்டிருந்தோம். கடைசியாக அந்தக் காக்கி ஒட்டை அங்கேதான் பார்த்தேன். அது எப்போது இல்லாமல் போனது என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று மனைவியிடம் கேட்டேன். ‘எந்தப் போர்வை?’ என்றாள்.

எங்கோ போய்விட்டேன். உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

75 மீட்டர். அத்தனையும் புதுத்துணி, கடல் தாண்டி வந்தது, மீட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஐந்து அங்குலச் சதுரமாக அவர்களே வெட்டி, கட்டாகக் கட்டி விற்கிறார்களாமே, அதுவும் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழுத்துணியை எங்கேயோ ஒருவன் துண்டுபோட, அதைக் காசு கொடுத்து வாங்கி நீங்கள் திரும்ப முழுத்துணி ஆக்குகிறீர்கள். ஒரு பக்கம் சோமனூர், ஒரு பக்கம் ஈரோடு, பேருந்து ஏறினால் தறிச் சத்தம். அதெல்லாம் கிடக்கட்டும். 34 வருடம் வங்கிக்குக் கட்டிக்கொண்டு போன சேலைகள் என்ன ஆயின அம்மா? கஞ்சி போட்டு, மடிப்பு எடுத்து, கவுன்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் நைந்துபோன நூல் சேலைகள்? பாத்திரக்காரனுக்குப் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கியிருப்பீர்கள். கடிதத்தில் துணிக்கு மீட்டர் கணக்கு இருக்கிறது, விலை இருக்கிறது. ஒரே ஒரு துணியின் நிறத்தைக்கூட நீங்கள் சொல்லவில்லை.

இப்படி எழுதிவிட்டேனே தவிர மனசாட்சி உறுத்துகிறது. குவில்ட் என்றாலே ஏழை வீட்டுக் கந்தை என்பது பாதிக் கதைதான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சீட்டித் துணி இங்கிலாந்தில் பெரிய இடத்துச் சரக்கு. பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்பார்களே, அதே சீட்டி. அங்கே கம்பளி, பட்டு நெய்தவர்கள் பிழைப்பு போகிறதென்று கலவரமே செய்து, 1721-ல் சட்டம் போட்டு அந்தத் துணி உடுத்துவதையே தடுத்தார்கள். வடமேற்கு இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில், 1700-களின் தொடக்கத்தில் இந்தியச் சீட்டித் துண்டுகளை இணைத்துத் தைத்ததாகக் கருதப்படும் ஒரு குவில்ட் இன்னமும் இருக்கிறது. துணி கிடைப்பது அருமை என்பதால் அதிலிருந்து பூவை, பறவையை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைத்தவர்களும் உண்டு. பிட்டுத் துணிக் குவில்ட் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பெருகியதே மில் துணி மலிவான 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே புதுத்துணியை வெட்டுவது பாவம் என்ற என் வாதம் நிற்காது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பீரோ விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவரப் போவதில்லை.

எட்டுக் குவில்டை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். கடிதத்தோடு வைத்த போட்டோவைப் பார்த்தேன். பாலிதீன் உறையில், ஒரே அளவாக மடித்து, வங்கி லாக்கரில் பத்திரங்கள் இருப்பதுபோல. மூலையில் வெள்ளையாகத் தெரிவது பாச்சா உருண்டைதானே? 615 மணி நேரத்தில் முக்கால்வாசி அங்கே பாச்சா உருண்டை வாசனையில் படுத்திருக்கிறது. பீரோவில் வைத்தால் கெடாது என்று யார் சொன்னது? ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பு வரியிலேயே இழை முறியும். அருங்காட்சியகத்துக்காரர்கள்கூட அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைப்பார்கள், அல்லது உருளையில் சுற்றி வைப்பார்கள். போர்த்தினால் பத்து வருடத்தில் கிழியும், போர்த்தாவிட்டாலும் ஒரு நாள் மடிப்போடு கிழியும். கறை படிந்த ஒன்றை மட்டும் வெளியே போட்டிருக்கிறீர்கள், அதுவும் யாரும் போகாத மாடி ரூமில், தண்டனை கொடுத்ததுபோல.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகும். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் அங்கே பருத்தி விளைவித்தார்கள். 1962-ல், கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பியதும் அக்கரைக்குப் போகிற படகையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி படகு ஓடியது 2006-ல். அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் குவில்ட் தைத்தார்கள். சுவரில் சந்து, குளிர் உள்ளே வரும், ஆகவே தைத்தார்கள். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிற வேலை அந்த வட்டாரத்துக் கூட்டுறவுக்கு வந்தது. கார்டுராய் துணி, அதுதான் வரிவரியாக முண்டு முண்டாக இருக்குமே. மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு வந்தன. அந்தக் காலத்துக் குவில்ட்களைப் பார்த்தால் ஒரேயடியாக ஆரஞ்சு, பாசிப் பச்சை, தங்க மஞ்சள், சிவப்பு. கம்பெனி என்ன நிறம் அனுப்பியதோ அது. 2002-ல் அவர்களுடைய குவில்ட்கள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின, 2006-ல் தபால்தலையில் வந்தன. அதுவரை அவற்றின் அடியில் பிள்ளைகள் தூங்கினார்கள். நைந்துபோனதைக் கொளுத்திக் கொசுவுக்குப் புகைபோட்டதும் உண்டு. மிசூரி பெட்வே என்ற பெண் 1942-ல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒன்று தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்பாகப் போர்த்திக்கொண்டு படுக்கவும் வேண்டும் என்று சொல்லித்தான் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்த்திக்கொண்டு படுக்க! அந்த ஊர்க் குவில்ட்கள் சிலவற்றில் முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்த இடம் அப்படியே தெரியும், சுற்றியிருக்கும் துணி வெளுத்துப்போக அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில்.

உங்கள் எட்டில் எதைப் பிரித்தால் யார் முழங்கால் தெரியும்?

கடுமையாகச் சொல்கிறேன், தெரிகிறது. 60 வயதுக்கு மேல் வேறு தேசத்தில், மகள் வீட்டில், கைக்குழந்தை தூங்குகிற நேரத்தில், பாஷை பாதி புரியாத ஒரு அம்மாளிடம் உட்கார்ந்து புதிதாக ஒரு கைவேலை கற்றுக்கொள்வது லேசுப்பட்டதல்ல. என்னால் முடிந்திருக்காது. ஒன்பதாவதை விரித்து எடுத்த போட்டோவில் தலைகீழாக விழுந்த கட்டத்தை ரொம்ப நேரம் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் மூலைகள் அத்தனை சுத்தமாகச் சேர்ந்திருக்கின்றன. பெரியம்மா பார்த்திருந்தால், ‘ராஜா வீட்டுப் பொண்ணு தச்சதாட்டம் இருக்கு’ என்று சொல்லித் தொட்டுப் பார்த்துவிட்டு, கசங்காமல் திருப்பிக் கொடுத்திருப்பார். எனக்கு அதுதான் சங்கடம். அந்த எட்டையும் உங்கள் வீட்டு ஆட்களும் அப்படித்தான் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உங்கள் கணவர் ஜமக்காளம் போதும் என்பதற்கு வேறு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? ஜமக்காளத்தில் அவர் காலை நீட்டலாம், காபி டம்ளரை வைக்கலாம், உங்களுக்குக் கோபம் வராது.

15 என்ற இலக்கு. வேண்டாம். இந்த வருடத்துக்கு இலக்கு எட்டு. புதிதாக ஒன்றும் தைக்காமல், இருக்கிற எட்டையும் பழசாக்குங்கள். கோவையில் மார்கழியில் விடிகாலை நன்றாகவே குளிரும். ஒன்றைப் பிரித்து, சொல்லாமல் கொள்ளாமல், டிவி பார்க்கிற கணவரின் காலில் போடுங்கள். ஒன்றைக் காரின் பின்சீட்டில் போடுங்கள். வேலைக்கு வருகிற அம்மாளின் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒன்று அங்கே போகட்டும், ‘பத்திரமாக வைத்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாதியில் கிடக்கும் நான்கும் அவை பாட்டுக்குக் கிடக்கட்டும். எப்போதாவது பிட்டுத் துணி தேவைப்படும்.

முதல் கேள்வி என்ன, ஒரு வருடத்தில் 11 முடித்தது உருப்படியான காரியமா என்பதுதானே? என் கண்ணுக்குத் தெரிந்து நீங்கள் முடித்தது மூன்று. ஒஹாயோவில் இரண்டு, மாடி ரூமில் ஒன்று. 83-ல் நான் தேற்றியதைவிட அதிகம்.

எனக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பீரோவில் இருப்பது வேண்டாம், அந்த மாதுளங்கறைக்காரியை அனுப்புங்கள். பேத்தி அடுத்த லீவில் வந்து கேட்டால் திருப்பித் தந்துவிடுகிறேன். பார்சலில் என்ன என்று கூரியரில் கேட்டால் ‘பழைய துணி’ என்றே எழுதுங்கள். கூடவே, பாத்திரக்காரனுக்குப் போகாமல் தப்பிய வங்கிச் சேலை ஏதாவது இருந்தால் அதில் ஒரு முழம் கத்தரித்து உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவது இன்னமும் நான்தான்.